வார ஊசியை நிறுத்தினால் எடை திரும்பிவிடும் என்றால், தொடங்கத்தான் வேண்டுமா?

பெரம்பூர் வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 47, உயரம் 156 செ.மீ., எடை 82 கிலோ. இரத்த அழுத்தத்துக்கு இரண்டு ஆண்டுகளாக மாத்திரை சாப்பிடுகிறேன். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.2 என்று வந்திருக்கிறது; அதற்கு இன்னும் மருந்து தொடங்கவில்லை. சென்ற வாரம் மருத்துவரிடம் போனபோது, எடை பார்ப்பதற்கு முன்பே அவர் தையல் கடையில் இருப்பது போன்ற ஓர் இஞ்ச் டேப்பை எடுத்து என் வயிற்றைச் சுற்றி அளந்தார். 103 செ.மீ. இருந்தது. எடையைவிட இந்த எண்தான் தமக்குக் கவலை தருவதாகச் சொல்லி, வாரம் ஒரு முறை போட்டுக்கொள்ளும் எடைக் குறைப்பு ஊசியைப் பற்றி வீட்டில் பேசி முடிவெடுத்து வரச் சொன்னார்.

கடந்த பத்து ஆண்டுகளில் இரண்டு முறை உணவைக் கடுமையாகக் குறைத்து எடையை இறக்கியிருக்கிறேன். ஒரு முறை 9 கிலோ, இன்னொரு முறை 7 கிலோ. இரண்டு முறையும் ஒன்றரை ஆண்டுக்குள் இறங்கியது முழுவதும் ஏறிவிட்டது. எனக்கு வாயைக் கட்டத் தெரியவில்லை என்று வீட்டில் சொல்கிறார்கள். இரவுச் சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம்கூட ஆகாமல், எல்லோரும் படுத்த பிறகு, விளக்கைப் போடாமலே சமையலறைக்குள் போய், மூடி வைத்திருந்த ஆறிப்போன தோசையைக் கையில் எடுத்துக்கொண்டு நின்ற இரவுகள் பல உண்டு. பசி இல்லாமல் அப்படி நின்றேன் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

என்னோடு வேலை செய்யும் தோழி ஒருவர் எட்டு மாதம் இந்த ஊசியைப் போட்டு 13 கிலோ குறைந்தார். செலவு தாங்காமல் நிறுத்தியதும், அடுத்த ஓர் ஆண்டில் 9 கிலோ திரும்பிவிட்டது. அப்படியானால் இது வாழ்நாள் முழுவதும் போட வேண்டிய ஊசியா? ஆய்வுகள் உண்மையில் என்ன சொல்கின்றன? அவை நம்மைப் போன்ற உடல்வாகு உள்ளவர்களிடம் செய்யப்பட்டவையா? விளம்பரங்களைப் படித்துப் படித்து எனக்குக் குழப்பம்தான் கூடியிருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பொதுநல மருத்துவர், அண்ணா நகர், பதில்:

வணக்கம் அம்மா. இரண்டு முறை இறங்கிய எடை திரும்பியதற்கு உங்கள் மனவுறுதியைக் குறை சொல்லாதீர்கள்; அப்படிச் சொல்பவர்களிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள். ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகர ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 50 பேருக்குப் பத்து வாரங்கள் மிகக் குறைந்த கலோரி உணவு கொடுத்து எடையை இறக்கினார்கள். பிறகு ஓர் ஆண்டு கழித்து அவர்களின் இரத்தத்தைச் சோதித்தபோதும், பசியைத் தூண்டும் கிரெலின் கூடுதலாகவும், போதும் என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் குறைவாகவுமே இருந்தன. பசியுணர்வும் உணவைக் குறைப்பதற்கு முன்பு இருந்ததைவிட அதிகமாகவே இருந்தது. இழந்த எடையை உடல் ஒரு நட்டமாகக் கணக்கெழுதி, அதைத் திரும்பப் பெற மாதக்கணக்கில் முயல்கிறது. ஆறிய தோசையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றதாக எழுதியிருக்கிறீர்களே, அந்த ஆய்வாளர்கள் அளந்தது அந்தப் பசியைத்தான்.

நாம் சாப்பிடும்போது குடலில் ஜி.எல்.பி.-1 என்ற ஹார்மோன் சுரக்கிறது. அது சில நிமிடங்களில் சிதைந்துவிடும். ஒரு வாரம் வரை சிதையாமல் நிற்கும்படி மாற்றி அமைத்த அதன் வடிவம்தான் செமாக்ளுடைட். டிர்செபடைட் என்பது அதோடு ஜி.ஐ.பி. என்ற இன்னொரு குடல் ஹார்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்வது. இரண்டும் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகின்றன. மூளையில் பசியை ஆளும் பகுதிகளிலும் வேலை செய்கின்றன. என் நோயாளிகள் பலர் எடை குறைந்ததை விடவும், நாள் முழுவதும் ஓடிக்கொண்டிருந்த சாப்பாட்டு நினைப்பு அடங்கியதைத்தான் முதலில் சொல்கிறார்கள்.

இனி எண்களுக்கு வருகிறேன். 2021இல் வெளியான ஸ்டெப் 1 ஆய்வில் சர்க்கரை நோய் இல்லாத 1,961 பேர் கலந்துகொண்டார்கள். உணவு, உடற்பயிற்சி ஆலோசனை எல்லோருக்கும் தரப்பட்டது. செமாக்ளுடைட் போட்டவர்களுக்கு 68 வாரங்களில் சராசரியாக 14.9 விழுக்காடும், மருந்தில்லாத வெற்று ஊசி போட்டவர்களுக்கு 2.4 விழுக்காடும் எடை குறைந்தது. அடுத்த ஆண்டு வெளியான சர்மவுன்ட் 1 ஆய்வில், டிர்செபடைட்டின் உச்ச அளவைப் போட்டவர்களுக்கு 72 வாரங்களில் 20.9 விழுக்காடு குறைந்தது. 2025இல் இரண்டு மருந்துகளையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வில் டிர்செபடைட் 20.2, செமாக்ளுடைட் 13.7 என்று வந்தது. இவை எல்லாம் சராசரிகள் என்பதை மறக்க வேண்டாம். கால்பங்கு எடையை இழந்தவர்களும் உண்டு, ஐந்து விழுக்காடுகூடக் குறையாதவர்களும் உண்டு.

நிறுத்தினால் என்ன ஆகும் என்பதையும் ஆய்வாளர்கள் நேராகவே சோதித்திருக்கிறார்கள். சர்மவுன்ட் 4 ஆய்வில் எல்லோருக்கும் முதலில் 36 வாரங்கள் டிர்செபடைட் கொடுத்து, எடை 20.9 விழுக்காடு இறங்கிய பிறகு, பாதிப் பேரை அவர்கள் அறியாமலே வெற்று ஊசிக்கு மாற்றினார்கள். அடுத்த 52 வாரங்களில் அவர்களுக்கு எடை 14 விழுக்காடு கூடியது. மருந்தைத் தொடர்ந்தவர்களுக்கு இன்னும் 5.5 விழுக்காடு குறைந்தது. ஸ்டெப் 1 ஆய்வில் பங்கேற்றவர்களில் ஒரு பகுதியினரை, மருந்தை நிறுத்தி ஓர் ஆண்டு கவனித்தபோது, இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியிருந்தது; இரத்த அழுத்தத்திலும் சர்க்கரையிலும் கிடைத்த நன்மைகளும் பெரும்பாலும் பழைய நிலையை நோக்கியே திரும்பின. ஆகவே உங்கள் தோழிக்கு நடந்தது விதிவிலக்கன்று; ஆய்வுகளில் கண்டதுதான் அவருக்கும் நடந்திருக்கிறது.

இதைக் கேட்டவுடன் மருந்தே வீண் என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். நீங்கள் சாப்பிடும் இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினாலும் அழுத்தம் ஏறத்தான் செய்யும். அதனால் அந்த மாத்திரை வேலை செய்யவில்லை என்று நாம் சொல்வதில்லை. உடற்பருமனும் நீண்ட காலம் கூடவே இருக்கும் நோய்தான். ஆனால் இந்த ஒப்பீட்டை அளவுக்கு மீறி நீட்டவும் எனக்கு மனமில்லை. அழுத்த மாத்திரையை மக்கள் பல பத்தாண்டுகளாகச் சாப்பிட்டு வருகிறார்கள். அதன் விலை எந்தக் குடும்பத்தையும் நெருக்குவதில்லை. இந்த ஊசிகளுக்கு அவ்விரண்டும் இன்னும் வாய்க்கவில்லை.

உங்கள் நிலைக்கு மிக நெருங்கிய ஆய்வு ஒன்று இருக்கிறது. சர்மவுன்ட் 1இல் கலந்துகொண்டவர்களில், உங்களைப் போலச் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருந்த 1,032 பேரை மட்டும் 176 வாரங்கள், அதாவது மூன்று ஆண்டுகளுக்கு மேல், தொடர்ந்து கவனித்தார்கள். வெற்று ஊசி போட்டவர்களில் 13.3 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. டிர்செபடைட் போட்டவர்களில் 1.3 விழுக்காட்டினருக்கே வந்தது. மருந்தை நிறுத்தி 17 வாரங்கள் கழித்துப் பார்த்தபோது இது 13.7க்கு எதிராக 2.4 என்று இருந்தது. சற்று ஏறியிருக்கிறது, ஆனாலும் இடைவெளி பெரிதாகவே நீடித்தது. 6.2 என்ற உங்கள் எண்ணை வைத்துக்கொண்டு யோசித்தால், தராசு காட்டும் எடையைவிட இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

மாரடைப்பைத் தடுக்கும் என்ற பேச்சையும் கேட்டிருப்பீர்கள். அது 2023இல் வெளியான செலெக்ட் ஆய்வு. 17,604 பேர் கலந்துகொண்டது. செமாக்ளுடைட் போட்டவர்களில் 6.5 விழுக்காட்டினரும், வெற்று ஊசி போட்டவர்களில் 8 விழுக்காட்டினரும் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றுக்கு ஆளானார்கள். ஆனால் அவர்கள் எல்லோரும் ஏற்கெனவே இதய நோயோ இரத்தக் குழாய் நோயோ உள்ளவர்கள். நீங்கள் அந்தக் கூட்டத்தில் இல்லை. அதை உங்களுக்கான உத்தரவாதமாக யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம்.

குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு, மலச்சிக்கல் ஆகியவை பரவலானவை. மருந்தின் அளவைக் கூட்டும் வாரங்களில்தான் பெரும்பாலும் வரும். பித்தப்பைக் கல் வர வாய்ப்பு கூடுகிறது. முதுகு வரை பரவும் கடும் வயிற்று வலி வந்தால், கணைய அழற்சியாக இருக்கக்கூடும் என்பதால், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். குடும்பத்தில் யாருக்காவது மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்திருந்தால் இந்த மருந்துகளைப் போடக்கூடாது. மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் எந்த அறுவைச் சிகிச்சைக்கு முன்பும், இந்த ஊசியைப் போட்டுக்கொள்வதை மயக்கவியல் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

உணவியல் ஆலோசகர், திருவான்மியூர், பதில்:

நம்மைப் போன்ற உடல்வாகு உள்ளவர்களிடம் செய்யப்பட்டவையா என்ற உங்கள் கேள்வியைப் பலர் கேட்கத் தவறிவிடுகிறார்கள். ஆகையால் அதைப் பற்றி எழுதுகிறேன். டாக்டர் குறிப்பிட்ட ஸ்டெப் 1, சர்மவுன்ட் 1 ஆகிய இரண்டு ஆய்வுகளிலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டவர்கள் வெள்ளையர்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களிடம் டிர்செபடைட்டைச் சோதித்த சர்மவுன்ட் 2 ஆய்வு இந்தியாவிலும் நடந்தது. அதில் உச்ச அளவுக்குக் கிடைத்த குறைவு 14.7 விழுக்காடு. சர்க்கரை நோய் வந்துவிட்டவர்களுக்கு எடை இறங்குவது கடினம் என்பது எல்லா நாடுகளிலும் காண்பதுதான்.

நம் உடலமைப்பு வேறு என்பதற்கு 2004இல் புனேவைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கினும் தங்களையே சான்றாக வைத்து ஒரு படம் வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ., அதாவது உயரத்தோடு எடையை ஒப்பிடும் குறியீடு, 22.3தான். ஆனால் யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்கின் உடலில் 21.2 விழுக்காடு. இந்தியர்களுக்குப் பி.எம்.ஐ. 23இலேயே கூடுதல் எடை, 25இலேயே உடற்பருமன் என்றும், பெண்களுக்கு வயிற்றுச் சுற்றளவு 80 செ.மீ.க்குள் இருக்க வேண்டும் என்றும் வகுத்திருப்பதன் காரணம் இதுவே. நம் கோபாலபுரத்தில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் ஒருங்கிணைத்த நாடு தழுவிய ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் ஆய்வு, 1,13,043 பேரைப் பரிசோதித்து 2023இல் முடிவுகளை வெளியிட்டது. எடையை வைத்துப் பார்த்தால் 28.6 விழுக்காட்டினருக்கு உடற்பருமன். வயிற்றை அளந்தால் 39.5 விழுக்காட்டினருக்கு. தராசின் கண்ணுக்குத் தப்பிய இத்தனை பேரை டேப் பிடித்திருக்கிறது. உங்கள் மருத்துவர் முதலில் டேப்பை எடுத்தது சரியான பழக்கம்.

இன்னொரு சென்னை ஆய்வை நான் என்னிடம் வருபவர்கள் எல்லோருக்கும் சொல்வேன். டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் 2006இல் வெளியிட்டது. சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 விழுக்காட்டினருக்கு நோய் வந்தது. நடைப்பயிற்சியையும் உணவு மாற்றத்தையும் தொடர்ந்து கண்காணித்துக் கைப்பிடித்து அழைத்துச்சென்றவர்களில் அது 39.3 விழுக்காடாகக் குறைந்தது. இத்தனைக்கும் அவர்களுக்கு எடை குறிப்பிடத்தக்க அளவில் இறங்கவே இல்லை. தராசு அசையவில்லை என்று மனம் உடைந்து நடப்பதை விட்டுவிடுபவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். தராசு காட்டாத ஒரு மாற்றம் உள்ளே நடந்துகொண்டிருக்கிறது என்பதை நம் ஊர்க்காரர்களிடமே நிரூபித்திருக்கிறார்கள்.

ஊசி போடுவதென்று முடிவெடுத்தால், குறைவது கொழுப்பா தசையா என்பதில் கண்ணாக இருங்கள். ஸ்டெப் 1இல் ஸ்கேன் செய்துபார்த்த ஒரு சிறு குழுவினருக்குக் குறைந்த எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு கொழுப்பல்லாத திசு. டிர்செபடைட் ஆய்வில் அது கால்பங்கு அளவில் இருந்தது. இண்டியாப் தரவுகளின்படி நாம் சாப்பிடும் கலோரியில் ஏறத்தாழ 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வருகிறது. பசி அடங்கியவுடன் நம் வீடுகளில் நடப்பது என்னவென்றால், நான்கு இட்லி இரண்டாகக் குறையும், கூட வருவது தேங்காய்ச் சட்னியாகவே இருக்கும். பருப்பும் முட்டையும் மீனும் தட்டுக்கு வராமலே வயிறு நிறைந்துவிடும். அதனால் தட்டில் முதலில் சாப்பிட வேண்டியது புரதம்: இட்லிக்கு முன் ஒரு கிண்ணம் கெட்டிச் சாம்பாரின் பருப்பு, மாலையில் வடைக்குப் பதில் கொண்டைக்கடலைச் சுண்டல், மதியம் மீன் அல்லது இரண்டு முட்டை, சைவமென்றால் பன்னீரோ சோயாவோ. வாரம் இரண்டு மூன்று நாட்கள் எடை தூக்கும் பயிற்சியும் தேவை. ஜிம்முக்குப் போக முடியாவிட்டால் நாற்காலியில் உட்கார்ந்து எழுவதையும் இரண்டு தண்ணீர்ப் புட்டிகளைத் தூக்குவதையும் வைத்துத் தொடங்கலாம்.

டென்மார்க்கில் 2021இல் வெளியான ஆய்வு ஒன்று இதற்கு வலுச் சேர்க்கிறது. உணவைக் குறைத்துச் சராசரியாக 13 கிலோ இழந்த 195 பேரை நான்கு குழுக்களாகப் பிரித்தபோது, உடற்பயிற்சியையும், செமாக்ளுடைட்டின் வகையைச் சேர்ந்த லிராக்ளுடைட் ஊசியையும் சேர்த்துச் செய்தவர்களின் நிலைதான் ஓர் ஆண்டு முடிவில் எல்லோரையும்விட நன்றாக இருந்தது. எல்லாவற்றையும் நிறுத்தி இன்னோர் ஆண்டு கழித்துப் பார்த்தபோதும், ஊசி மட்டும் போட்டவர்களைவிட ஊசியோடு பயிற்சியும் செய்தவர்களே எடையை நன்றாகக் காத்திருந்தார்கள்.

மடிப்பாக்கம் வாசகர் பதில்:

சகோதரிக்கு வணக்கம். நான் மருத்துவன் அல்லன். 58 வயது, பதினொரு மாதங்களாக டிர்செபடைட் போட்டுக்கொள்பவன். 104 கிலோவிலிருந்து 87க்கு வந்திருக்கிறேன். எனக்கு நேர்ந்த ஒரு தவறு உங்களுக்கு நேரக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

முதலில் நான் போனது எடைக் குறைப்பு நிலையம் ஒன்றுக்கு. 2.5 மி.கி. அளவில் நான்கு வாரங்கள், பிறகு 5 மி.கி. என்று படிப்படியாகத்தான் ஏற்ற வேண்டும் என்பதை அவர்கள் எனக்குச் சொல்லவே இல்லை; சீக்கிரம் பலன் தெரியும் என்று இரண்டாவது வாரத்திலேயே அளவைக் கூட்டினார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை உறவினர் வீட்டுத் திருமணத்தில் பந்தியில் உட்கார்ந்து, பழக்கம்போல முழு இலையையும் சாப்பிட்டேன். அன்றிரவு தொடங்கிய வாந்தி மூன்று நாள் நிற்கவில்லை. நாக்கு வறண்டு, எழுந்து நிற்க முடியாமல், குளுக்கோஸ் ஏற்றித்தான் வீடு திரும்பினேன். அதன் பிறகு சர்க்கரை நோய் மருத்துவர் ஒருவரிடம் முதலிலிருந்து தொடங்கினேன். இப்போது பந்தியில் சோற்றை ஒரு கரண்டியோடு நிறுத்தி, பாயசத்தைத் தொடாமல் எழுந்துவிடுகிறேன். வயிறு முக்கால்வாசி நிறைந்ததுமே கையை எடுத்துவிட வேண்டும் என்பது எனக்குப் பாடமாகிவிட்டது.

செலவைப் பற்றி: 2025 மார்ச்சில் இந்த மருந்து இந்தியாவுக்கு வந்தபோது 5 மி.கி. குப்பி ஒன்று 4,375 ரூபாய், மாதத்துக்கு நான்கு குப்பிகள். செமாக்ளுடைட்டின் காப்புரிமை நம் நாட்டில் 2026 மார்ச் வரைதான் என்பதால், அதில் விலை இறங்க வழி இருக்கிறது. மலிவாகக் கிடைக்கிறது என்று ரசீது தராத இடத்தில் மட்டும் வாங்காதீர்கள். மருந்தைக் குளிர்பெட்டியின் நடுத்தட்டில், 2 முதல் 8 டிகிரிக்குள் வையுங்கள். உறைநிலைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து உறைந்துபோனால் பயன்படாது. டிர்செபடைட் 30 டிகிரிக்கு மேற்படாத இடத்தில் 21 நாள் வரை வெளியே இருக்கலாம் என்கிறார்கள், ஆனால் சென்னையில் சித்திரை, வைகாசியில் எந்த அறை 30 டிகிரியில் நிற்கிறது? ஊருக்குப் போகும்போது நான் சிறிய ஐஸ் பெட்டியில், துணி சுற்றி எடுத்துச்செல்கிறேன்.

பெரம்பூர் வாசகி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. டாக்டர் எழுதிய முதல் பத்தியை நேற்றிரவு என் கணவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. இன்று காலை அலுவலகம் கிளம்பும் முன், தானும் என்னோடு நடக்க வருவதாக மட்டும் சொன்னார். முரசொலி மாறன் பூங்காவில் நாளைக் காலை தொடங்குகிறோம்.

உடனே ஊசிக்குப் போகாமல், முதல் மூன்று மாதம் உணவையும் பயிற்சியையும் ஒழுங்காகச் செய்துவிட்டு, பிறகு ஊசியைத் தொடங்கலாமா என்று யோசிக்கிறேன். அந்த மூன்று மாதம் வீணாகுமா? அல்லது, எடை ஓரளவு இறங்கிவிட்டால் ஊசியே வேண்டாம் என்று விட்டுவிடலாமா?

பொதுநல மருத்துவர், அண்ணா நகர், பதில்:

வீணாகாது அம்மா. நீங்கள் சொல்லும் இதே வரிசையைத்தான் 2023இல் வெளியான சர்மவுன்ட் 3 ஆய்வில் சோதித்தார்கள். முதல் 12 வாரங்கள் தீவிரமான உணவு, உடற்பயிற்சித் திட்டம் மட்டும். அதில் ஐந்து விழுக்காடாவது குறைத்தவர்களை அடுத்த கட்டத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு அதற்குள் சராசரியாக 6.9 விழுக்காடு குறைந்திருந்தது. பிறகு 72 வாரங்களில், டிர்செபடைட் போட்டவர்களுக்கு அதற்கு மேலும் 18.4 விழுக்காடு இறங்கியது. வெற்று ஊசி போட்டவர்களுக்கு இறங்கியதிலிருந்து 2.5 விழுக்காடு ஏறியது. உங்களுக்கு முன்பு இரண்டு முறை நடந்ததை நினைத்துப் பார்த்தால், மூன்றாம் மாத முடிவில் எடை இறங்கியிருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஊசி வேண்டாம் என்று தீர்மானிப்பதைவிட, அன்றைக்கு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையையும் வயிற்றுச் சுற்றளவையும் மறுபடி பார்த்து முடிவெடுப்பது நல்லது. சர்க்கரை 5.7க்குக் கீழே வந்து, சுற்றளவும் இறங்குமுகத்தில் இருந்தால் காத்திருக்கலாம். இல்லையென்றால் தயங்காமல் தொடங்கலாம்.

அடுத்த முறை போகும்போது, இரத்த அழுத்த மாத்திரைச் சீட்டையும் கையோடு எடுத்துச்செல்லுங்கள். எடை இறங்க இறங்க அந்த மாத்திரையின் அளவைக் குறைக்க வேண்டி வரலாம். எழுந்து நிற்கும்போது தலை சுற்றினால், அடுத்த சந்திப்பு வரை காத்திராமல் அன்றே அழுத்தத்தை அளந்து உங்கள் மருத்துவருக்குத் தெரிவியுங்கள்.